அம்மாவின் சிலுவைத் தகடு

நாமக்கல்,
நவம்பர் 1.

அன்பு மகள் ஜோதிக்கு அப்பா எழுதுவது. இயேசுவுக்கே புகழ். இங்கே நானும் உன் அம்மா வளர்த்த பூனையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு சுகமாக இருக்கிறோம், அயர்லாந்துக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் சுகமாக இருக்க மாதாவிடம் கேட்டுக்கொள்கிறேன். போனில் என்றால் நீ அந்தப் பக்கம் அழுவாய், நான் இந்தப் பக்கம் சிக்னல் இல்லை என்று பொய் சொல்ல வேண்டும், அதனால்தான் கடிதம். என் சமையலைப் பற்றிக் கேட்டிருந்தாய். நேற்று ரசம் வைத்தேன், பூனை மோந்து பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது. அந்த வீட்டு நல்லம்மாள்தான் தினம் ஒரு கிண்ணம் குழம்பும் அதோடு ஊர் வம்பும் கொடுத்து என்னைக் காப்பாற்றுகிறாள். பெத்த தாய் சாவுக்குக்கூடப் புள்ள வரலியே என்று சந்தையில் எவளோ கேட்டாளாம், நெறமாசக்காரி ஏரோப்ளேன்லயே பெத்துக்கிட்டா நீ பறந்து போயிப் பிரசவம் பாப்பியா என்று இவள் கேட்டு வாயை அடைத்திருக்கிறாள். ஆகவே அந்தக் கவலையை நீ விட்டுவிடு சாமி.

நீ கேட்டுக்கொண்டே இருக்கும் கல்லறை போட்டோவை ஏன் அனுப்பவில்லை என்று இப்போது சொல்லிவிடுகிறேன். அம்மாவை அடக்கம் செய்த மே மாதத்திலிருந்து அவள் சிலுவைத் தகட்டில் ஒரு எழுத்துக்கூட எழுதவில்லை. கல்லறைத் திருநாளுக்கு முந்தின வாரம் நம் கோயில் பங்கில் செத்தவர்கள் அத்தனை பேருக்கும் கூலி வாங்காமல் பெயரைப் புதுப்பித்து எழுதுவது உன் அப்பன் வேலைதானே, இந்த வருஷமும் எழுதினேன். லாரிக்குப் பெயிண்ட் அடித்த கூலியில் பாதியைக் கொடுக்காமல் போய்ச் சேர்ந்தாரே அந்த முதலாளிக்குக்கூட அழகாக எழுதினேன். ராசாத்தி என்று உன் அம்மா பெயரை எழுத மட்டும் பிரஷ் எழும்பவில்லை. ஃபாதர் கேட்டதற்கு, அடித்த வெள்ளை இன்னும் காயவில்லை என்றேன். மே மாசம் அடிச்ச பெயிண்ட்டா என்று கேட்டார், சிரிக்கவில்லை. பெயரில்லாத கல்லறையில் எந்தப் பெயரைச் சொல்லி மந்திரிப்பது, உங்களால முடியலைன்னா ஸ்டிக்கர் வெட்டுற தீர்த்தகிரிய வெச்சு ஒட்டிடுறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். உன் அம்மா பெயரை ஸ்டிக்கரில் ஒட்டுவதா! எனக்குப் பொறுக்கவில்லை.

முந்தாநாள் பெயிண்ட் டப்பா எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு கல்லறைக்குப் போனேன். முப்பது வருஷம் லாரி பாடியில் காட்டிய வித்தையெல்லாம் அந்தச் சின்னத் தகட்டில் இறங்கிவிட்டது. மஞ்சளில் எழுத்து, அதற்குச் சிவப்பில் நிழல், இரண்டு பக்கமும் ரோஜா, மேலே உதயசூரியன், இடம் மிச்சம் இருந்ததால் ஒரு மயில். மெழுகுவத்தி கொளுத்த வந்த நல்லம்மாள் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஏனுங்ண்ணா, அக்காவ லோடு ஏத்தி நேசனல் பெர்மிட்டுல அனுப்பறீங்களா, பின்னால ஹாரன் அடிக்கச் சொல்லி எழுதலீங்களா என்று கேட்டாள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே பக்கத்துக் கல்லறை மேல் உட்கார்ந்தவன் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. அவள் சொன்னது சரி. இதைப் பார்க்கிற எவனும் மதியண்ணன் கை கைதான்யா என்று சொல்லிவிட்டுப் போவான், உன் அம்மாவுக்காக ஒரு அருள்நிறைந்த மரியே ஜெபம் சொல்ல மாட்டான்.

நம் கோயில் பீடத்துக்குப் பின்னால் சுவரில் வேத வசனம் எழுதினேனே, நினைவிருக்கிறதா? லாரிப் பழக்கத்தில் கீழே மதி ஆர்ட்ஸ் என்று போட்டு செல் நம்பரும் எழுதிவிட்டேன், பூசை முடிந்ததும் இரண்டு பேர் டிப்பர் லாரிக்குப் பெயிண்ட் அடிக்க ரேட் கேட்டார்கள். அன்றைக்கு உன் அம்மா, ஏனுங்க, ஆகாசத்தப் படைச்சவரே அதுல கையெழுத்துப் போடல, உங்களுக்கு மட்டும் என்னங்க அவசரம் என்றாள். ஊரெல்லாம் சொல்லிச் சிரித்த கதைதான், ஆனால் முந்தாநாள் அந்தக் கல்லறை மேல் உட்கார்ந்து நினைத்தபோது சிரிப்பு வரவில்லை. எழுந்து மயில் உட்பட எல்லாவற்றின் மேலும் வெள்ளையை இழுத்துவிட்டேன். இன்று காலை கறுப்பில் பெயர், இரண்டு தேதி, ஆண்டவரில் இளைப்பாறுகிறாள், அவ்வளவுதான் எழுதினேன். தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாச் சிலுவையும் போல ஒன்று.

அங்கே கோயில் பாட்டுக் குழுவில் உன்னைத் தனியாகப் பாட விடவில்லை, அதனால் போவதில்லை என்று எழுதியிருந்தாய். உன் அம்மாவின் குரல் உனக்கே தெரியும், அவள் பாடினால் கோயில் புறாக்கள் இடம் மாறி உட்காரும், ஆனாலும் ஒரு ஞாயிறு விடவில்லை. இப்போது அவள் உட்காரும் பெஞ்சில் சத்தம் குறைந்துவிட்டது, எனக்குத் தாங்கவில்லை. நீ போய்க் கடைசி வரிசையில் நின்றாவது பாடு.

பிள்ளைக்குத் தலைக்குக் குளிர் படாமல் பார்த்துக்கொள், மாப்பிள்ளையிடம் கோபத்தில் இரண்டு வார்த்தை குறைத்துப் பேசு. அந்தோணியார் உங்களுக்குத் துணை நிற்கட்டும், அம்மா மேலேயிருந்து பார்த்துக்கொள்வாள். நாளை கல்லறைத் திருநாள், உங்கள் பெயரிலும் ஒரு மெழுகுவத்தி கொளுத்துவேன். போட்டோ இதோடு வைத்திருக்கிறேன். தகட்டின் வலது மூலையில் ஒரு மங்கல் தெரியும். எழுதி முடித்ததும் இந்தப் பாழாய்ப்போன கை தன் பாட்டுக்கு மதி ஆர்ட்ஸ் என்று எழுதி நம்பரிலும் பாதி வந்துவிட்டது, தின்னர் தொட்டுத் துடைத்தேன், முழுசாகப் போகவில்லை. அழுக்கு என்று நினைத்துவிடாதே, அது நான்தான்.

இப்படிக்கு,
இங்கே மட்டும் கையெழுத்துப் போடும்
உன் அப்பா,
மதியழகன்.