போர்டாக நின்றவள்

அன்பு மகளுக்கு,

இங்கே நான், உன் அப்பா, அவருடைய இருமல், மூன்று பேரும் நலமாக இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பொடியனும் வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்குகிறீர்கள் என்று நானாகவே நினைத்துக்கொண்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். போன் இருக்கும்போது எதற்கு லெட்டர் என்று கேட்பாய். போனில் நான் ஒரு வரி சொல்வதற்குள் நீ நாலு வரி சொல்லிவிடுகிறாய், போன தடவை பாதியில் வைத்தும்விட்டாய். காகிதத்தில் குறுக்கே பேச முடியாது பார், அதனால்தான். உட்கார்ந்து முழுசாகப் படி, கடையில் நின்றுகொண்டு அரையும் குறையுமாகப் படிக்காதே.

முதலில் வீட்டுச் செய்தி. அப்பாவுக்கு டாக்டர் மருந்தை மாற்றிக் கொடுத்திருக்கிறார், அதில் இருமல் குறையவில்லை, பேச்சுதான் கூடியிருக்கிறது. மாடியில் இருந்த டெய்லர் காலி செய்துவிட்டார், புதிதாக வந்தவர்கள் நாள் முழுக்க நாற்காலியை இழுக்கிறார்கள், இவர் கீழே படுத்துக்கொண்டு மேல்தளத்தைப் பார்த்து ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு பதில் சொல்கிறார். குளியலறைக் குழாய் இன்னும் சொட்டிக்கொண்டேதான் இருக்கிறது. ஊர் கக்கூஸையெல்லாம் பளபளவென்று வைக்கிறவள் வீட்டில் ஒழுகுது பாரு என்று அதற்கும் ஒரு சிரிப்பு. நானும் சிரித்துவிட்டேன். ரொம்ப நாளைக்கப்புறம் சிரித்தேன், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ராட்டினப் பார்க்கில் நடந்ததை நான் போனில் சொல்ல ஆரம்பித்ததுமே, உனக்கு எதுக்கும்மா வம்பு, கேட்டா எனக்குத் தெரியாதுன்னு சொல்லிட்டு வா என்றாய். அதோடு நிற்காமல், என் கடையிலகூட ஒருத்தி டியூட்டி நேரத்துல உட்கார்ந்துட்டா, மேலிடத்துக்குப் புகார் எழுதிட்டேன், பொறுப்புன்னா அப்படித்தான் என்றும் சொன்னாய். நான் பதில் சொல்வதற்குள் போனை வைத்துவிட்டாய். இப்போது சொல்கிறேன், ஆனால் கதையை வரிசையாகக் கேள், அப்போதுதான் உனக்குப் புரியும்.

ரேடியோவை உனக்குத் தெரியும். என் குழுவில் துடைக்கிற பெண், நீ வந்திருந்தபோது உன் தோள்பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, எங்க வாங்கினது, ஜிப்பு நிக்குமா என்று உயிரை எடுத்தாளே, அவள்தான். வேலைக்கு வந்தால் வாய் மூடாது, அதனால் ரேடியோ. அவள் பேசிக்கொண்டே துடைப்பாள், துடைத்த இடத்தில் முகம் பார்க்கலாம். எங்கள் மேனேஜரையும் சொல்ல வேண்டும். எந்த வெயிலிலும் சட்டை கசங்காது, ஆகையால் எங்களுக்குள் அவர் பெயர் இஸ்திரி. வயது உன் வயதுதான் இருக்கும்.

அன்றைக்கு விளம்பரத்துக்குப் படம் எடுக்க ஆட்கள் வந்திருந்தார்கள். தரை ஈரமாக இருக்கிற இடத்தில் வைப்போமே, மஞ்சள் போர்டு, ஆள் வழுக்கி விழுகிற மாதிரி படம் போட்டது, அது இஸ்திரியின் கண்ணை உறுத்தியது. நல்லா சிரிக்கிறவன் பல்லுல ஏதோ ஒட்டியிருக்கிற மாதிரி இருக்கு, எல்லாத்தையும் எடுத்து உள்ள போடுங்க என்றார். நான் லீடர், ஸ்டோர் சாவி என் இடுப்பில். ஒவ்வொன்றாக வண்டியில் அடுக்கித் தள்ளிக்கொண்டு போய் உள்ளே வைத்துப் பூட்டினேன். மதியத்துக்குள் படக்காரர்கள் போய்விட்டார்கள். திரும்ப எடுத்து வையுங்கள் என்று யாரும் சொல்லவில்லை. நானும் எடுக்கவில்லை. எங்கள் இடத்தில் அப்படித்தான் பழகியிருக்கிறோம், வை என்றால் வைப்போம், எடு என்றால் எடுப்போம், சொல்லாமல் செய்தால் யாரைக் கேட்டுச் செய்தாய் என்பார்கள். சாவி என் இடுப்பில் குத்திக்கொண்டே இருந்தது, எனக்கு உறைக்கவில்லை.

போர்டு இல்லாவிட்டால் நாங்களே போர்டு. அதாவது துடைத்த இடத்தில் நடுவில் கையை விரித்துக்கொண்டு, காய்கிற வரைக்கும் நிற்க வேண்டும், வருகிறவர்கள் நம்மைச் சுற்றிக்கொண்டு போவார்கள். சுற்றுகிற கோப்பை ராட்டினத்தில் இருந்து இறங்கின ஒரு பையன் வாசலிலேயே வாந்தி எடுத்துவிட்டான். ரேடியோ பொடி போட்டு அள்ளி, மருந்துத் தண்ணீர் விட்டுத் துடைத்துவிட்டு, நடுவில் நின்றாள். வழுவழுப்பான கல், அந்த மருந்து காயக் கொஞ்சம் நேரமாகும். அந்த நேரம் பார்த்து ஒரு சின்னப் பெண் குழந்தை, ஒரு காலில் செருப்பு, ஒரு காலில் இல்லை, அம்மா அம்மா என்று அழுதுகொண்டே அந்த ஈரத்துக்குள்ளேயே வந்து இவளுடைய பேண்ட்டைப் பிடித்துக்கொண்டது.

இதற்கு எங்களுக்குப் பயிற்சி உண்டு. இஸ்திரியே ஒரு பெரிய பொம்மையை வைத்து நடத்தினார். தொலைந்த குழந்தை வந்தால் நின்றுகொண்டு பேசாதே, மண்டி போடு, அதன் கண்ணுக்கு நேராக உன் கண்ணைக் கொண்டு வா, தூக்காதே, இடத்தை விட்டு நகராதே. அன்றைக்கு ரேடியோவைத்தான் எல்லாருக்கும் முன்னால் மண்டி போட்டுக் காட்டச் சொன்னார், பாருங்க, இவங்களை மாதிரி செய்யணும் என்று கைதட்டச் சொன்னார். அவள் அதை வீடு வரைக்கும் சொல்லிக்கொண்டு போனாள். இப்போது நிஜக் குழந்தை வந்ததும் அப்படியே மண்டி போட்டாள். அவ்வளவுதான், கூட்டத்துக்கு மேலே தெரிந்துகொண்டிருந்த போர்டு மறைந்துபோயிற்று. மேலே ராட்டினத்தில் இருந்த பேத்திக்குக் கையசைத்துக்கொண்டே வந்த ஒரு பெரியவர் ஈரத்தில் கால் வைத்தார், விழுந்தார், இடுப்பெலும்பு உடைந்தது. அவர் விழுந்து போட்ட சத்தம் தண்ணீர்ச் சறுக்குப் பக்கம் நின்றிருந்த எனக்கே கேட்டது. ஓடிப் போய்ப் பார்க்கிறேன், ரேடியோ ஒரு கையால் குழந்தையை அணைத்துக்கொண்டு ஒரு கையால் அவர் தலையைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், வாயில் ஒரு சொல் இல்லை. அவளை அப்படி ஊமையாக நான் பார்த்ததே இல்லை.

சாயங்காலமே அவளை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். போர்டு வைக்காத கவனக்குறைவு என்று. மறுநாள் இஸ்திரி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரச் சொன்னார். அந்த நாற்காலியை நான் தினமும் துடைத்திருக்கிறேன், அன்றைக்குத்தான் உட்கார்ந்தேன். அக்கா, விசாரணையில போர்டெல்லாம் ஸ்டோர்ல இருந்துச்சு, அவதான் எடுக்கலன்னு சொல்லுங்க, அது உண்மைதானே, பூட்டியிருந்துச்சான்னு உங்களை யாரும் கேக்கப்போறதில்ல என்றார். அக்கா என்று அவர் கூப்பிட்டதும் அன்றைக்குத்தான். பேனாவைத் திறக்கிறார் மூடுகிறார், திறக்கிறார் மூடுகிறார். எனக்கு ஆத்திரமாக வந்தது, கூடவே பாவமாகவும் இருந்தது, பொய் சொல்லவில்லை. மேலே இருக்கிறவன் இவரை அழுத்துகிறான், இவர் எங்களை அழுத்துகிறார், நாங்கள் தரையை அழுத்தித் துடைக்கிறோம். கடைசியில் குற்றமும் தரையில்தான் வந்து நிற்க வேண்டும் என்றால் எப்படி?

அன்றைக்குத்தான் உனக்குப் போன் செய்தேன். நீ வம்பு எதற்கு என்றாய். நீ சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. நான் வாயைத் திறந்தால் பூட்டினது நான் என்றும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும், எனக்கும் வேலை போகலாம், அப்பா மருந்தில் இருக்கிறார், இந்த வயதில் என்னை யார் புதிதாக எடுப்பார்கள். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அப்பா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, போய்ச் சொல்லித் தொலை, சொல்லலைன்னா நீ தூங்கமாட்ட, நீ தூங்கலைன்னா என்னையும் தூங்க விடமாட்ட, அப்புறம் இருமலைக் குறை சொல்லுவ என்றார். அவர் வாழ்க்கையில் சொன்ன உருப்படியான சொற்களில் அது ஒன்று.

விசாரணை ஏசி போட்ட குளிர் அறையில் நடந்தது. நீள மேஜை, அந்தப் பக்கம் தலைமை அலுவலகத்தில் இருந்து வந்தவர்கள், ஒவ்வொருவருக்கும் முன்னால் தண்ணீர் பாட்டில், ஓரத்தில் இஸ்திரி. இந்தப் பக்கம் ரேடியோ நின்றுகொண்டிருந்தாள், யூனிஃபார்மைத் துவைத்து மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். ஏன் இடத்தை விட்டு நகர்ந்தீங்க என்று கேட்டார்கள். நகரல சார், குனிஞ்சேன் என்றாள். ஏன் குனிஞ்சீங்க என்றார்கள். நிமிர்ந்து நின்னா குழந்தை பயப்படும்னு சார்தான் சொல்லிக்குடுத்தாங்க என்று இஸ்திரியைப் பார்த்தாள், குற்றம் சொல்கிற மாதிரி இல்லை, பாடம் ஒப்பிக்கிற பிள்ளை வாத்தியாரைப் பார்க்கிற மாதிரி. அவர் பாட்டிலைப் பார்த்தார்.

என்னைக் கேட்டபோது நான் இடுப்பில் இருந்து சாவியைக் கழற்றி மேஜையில் வைத்தேன். போர்டைப் பூட்டினது நான், பூட்டச் சொன்னது இவரு, படம் எடுத்து முடிச்சதும் திறந்து வெச்சிருக்கணும், வெக்காதது என் தப்பு, அவ கையில சாவியே கிடையாது என்றேன். நடுவில் இருந்த அம்மா, பூட்டச் சொன்னதுக்கு எழுத்துல ஏதாவது உத்தரவு இருக்கா என்று கேட்டார். எங்களுக்கு உத்தரவெல்லாம் வாயாலதாங்க வரும், தப்புதான் எழுத்துல வரும் என்று சொல்லிவிட்டேன். யோசித்துச் சொல்லவில்லை, வந்துவிட்டது. அந்த அம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்தார். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த மரியாதை.

ரேடியோவுக்கு வேலை திரும்பக் கிடைத்துவிட்டது. என்னை லீடர் பொறுப்பில் இருந்து எடுத்துவிட்டு, வாசலுக்கு வெளியே கார் நிறுத்துமிடத்தைக் கூட்டப் போட்டிருக்கிறார்கள். சாவியை மேஜையில் வைத்தது வைத்ததுதான், திரும்பி வரவில்லை. இஸ்திரிக்கு என்ன ஆயிற்று என்று எங்களுக்குச் சொல்ல மாட்டார்கள், சட்டை மட்டும் இன்னும் கசங்கவில்லை. போர்டு எல்லாம் வெளியே வந்துவிட்டது. கூடவே புதிதாக ஒரு விதியும் வந்திருக்கிறது, தொலைந்த குழந்தை வந்தால் இனிமேல் மண்டி போடக் கூடாதாம், நின்றபடியே பேச வேண்டுமாம். போர்டைப் பூட்டக் கூடாது என்று விதி போட அவர்களுக்குக் கை வரவில்லை, குனியக் கூடாது என்று போட வந்திருக்கிறது. ரேடியோ என்னிடம் வந்து, இனி குழந்தை வந்தா என்னக்கா செய்யறது என்றாள். முதல்ல போர்டை வை, அப்புறம் குனி என்றேன்.

நாங்கள் இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போய் அந்தப் பெரியவரைப் பார்த்தோம். திட்டுவார் என்று பயந்துகொண்டே போனோம். அவருடைய மகன் எங்களை வாசலிலேயே நிறுத்தி முறைத்தான், அவனைக் குறை சொல்ல மாட்டேன், அவனுடைய அப்பா. பெரியவர்தான் உள்ளே விடச் சொன்னார். அந்தப் பாப்பாவோட அம்மா கிடைச்சாங்களா என்றுதான் முதலில் கேட்டார். கிடைத்துவிட்டாள், ஐஸ்கிரீம் வரிசையில் நின்றிருந்தாள் என்று ரேடியோ ஆரம்பித்தாள், நர்ஸ் வந்து போகச் சொல்கிற வரைக்கும் நிறுத்தவில்லை. எனக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

பொடியனிடம் மட்டும் ஒன்றை நீயே பக்குவமாகச் சொல்லிவிடு. லீடர்களுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை குடும்ப பாஸ் தருவார்கள், லீவுக்கு வரும்போது எல்லா ராட்டினத்திலும் ஏற்றுகிறேன் என்று அவனுக்குச் சத்தியம் செய்திருந்தேன். அந்த பாஸ் இனி இல்லை. பாட்டி பொய் சொன்னாள் என்று நினைக்கட்டும் பரவாயில்லை, கோபம் ஆறினதும் ஏன் என்று சொல்.

உன் கடையில் உட்கார்ந்துவிட்டாள் என்றாயே, அந்தப் பெண்ணைத்தான் இதை எழுதும்போதெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன். நீ எழுதினது சரியாகவே இருக்கலாம், அவள் சோம்பேறியாகவே இருக்கலாம், எனக்குத் தெரியாது. உட்கார்ந்தாள் என்று எழுதினாய், ஏன் உட்கார்ந்தாள் என்று கேட்டாயா? காலையில் சாப்பிட்டாளா, மாதத்தில் அந்த நாளா, வயிற்றில் பிள்ளையா, கால் வீங்கியிருந்ததா, ஒன்றும் இல்லையா? உன் அம்மாவும் இப்போது இரண்டு வரிசைக் காருக்கு ஒரு தடவை நடைபாதைக் கட்டையில் உட்கார்ந்துதான் எழுந்திருக்கிறாள். எங்கேயோ ஒரு இஸ்திரி அதையும் எழுதிக்கொண்டிருப்பான். நீ அப்படி ஆகிவிடாதே கண்ணு. உன்னைப் படிக்கவைத்தது நாற்காலியில் உட்காரத்தான், அதில் எனக்குக் குறை இல்லை, எதிரில் நிற்கிறவளையும் உட்காரச் சொல்லிவிட்டுக் கேள். காரியம் ஆக வேண்டும் என்பதற்காக அக்கா என்று கூப்பிட்டு உட்காரச் சொல்லாதே, சும்மா சொல்.

மாப்பிள்ளையிடம் வெறும் வயிற்றில் வண்டி ஓட்டவேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். பொடியனுக்கு என் முத்தம். நீங்கள் மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல், யாருடைய வயிற்றெரிச்சலும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும், தினமும் அதைத்தான் கும்பிடுகிறேன். அந்தப் பெண்ணைக் கேட்டுவிட்டு எனக்குப் போன் செய். அவள் என்ன சொன்னாள் என்பதை அவள் சொன்னபடியே சொல், நான் குறுக்கே பேசமாட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா,
கார் நிறுத்துமிடம், வெளிவாசல்.