பத்து லட்சத்துக்கு ஒன்று குறைவு

ஏலே, நம் இணைய மன்றம் பத்து லட்சம் பதிவைத் தொட்டுவிட்டது, முகப்பில் ஒன்றும் ஆறு சைபரும் நிற்கின்றன, பார்க்க நீதான் இல்லை!

எண் விழுந்ததுமே புதுப் பதிவுகளை நிறுத்திப் பூட்டிவிட்டேன். ஏன் பூட்டினாய் என்று சாட்டில் ஆளாளுக்குக் குடைகிறார்கள். பதில் சொல்லத் தெம்பில்லை. விளம்பரக் குப்பையை அழித்து அழித்தே விரல் ஓய்ந்துவிட்டது. நீ இருந்தவரை ஆளுக்குப் பாதி; இப்போது முழுவதும் என் தலையில்.

அந்த எண்ணைப் பார்த்தால் ராமநாதபுரம் பிரவுசிங் சென்டரின் கடைசி நாற்காலி ஞாபகம் வருகிறது. நம்மைப் போன்ற பாட்டுப் பைத்தியங்களுக்காக நாம் கட்டிய தளம், கூட்டம் சேரச் சேர நொண்டியது. இன்னொரு முறை திணறினால் மூடிவிடுவேன் என்று சர்வர் வாடகைக்குத் தந்தவர் எச்சரித்திருந்தார். காரணத்தைக் கண்டுபிடித்தது நீ. முகப்பில் ‘மொத்தப் பதிவுகள்’ என்று ஓர் எண் காட்டினோமே, அதற்காக யார் பக்கத்தைத் திறந்தாலும் டேட்டாபேஸ் லட்சக்கணக்கான பதிவுகளை முதலிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தது. நான் இன்டெக்ஸ் போட்டுப் பார்த்தேன். கொஞ்சம் வேகம் வந்தது, போதவில்லை. எண்ணையே எடுத்துவிடலாம் என்றேன். உனக்கு மனசில்லை.

“களத்துல ஒவ்வொரு மூடை வர்றப்பவும் அம்பாரத்தையே திரும்ப அளக்கவா செய்யுறோம்? வந்தா ஒன்னு கூட்டு, போனா ஒன்னு கொற. அம்புட்டுத்தேன்.”

டேட்டாபேஸில் தனியாக ஒரு சின்ன டேபிள் வைத்தாய். அதில் ஒரே வரி, ஒரே எண். பதிவு விழுந்தால் ஏறும், அழித்தால் இறங்கும். பக்கம் டக்கென்று திறந்தது. நான் எழுந்து குதித்ததில் சென்டர்காரர் இருவரையும் வெளியே போகச் சொன்னார்.

பிறகுதான் கவனித்தேன். எல்லாப் பதிவுகளையும் கடைசியாக ஒருமுறை எண்ணி அந்த டேபிளில் போடும்போது, கூடவே ஒன்றைச் சேர்த்திருந்தாய். கேட்டால், கடலாடிப் பக்கம் உங்கள் வீட்டில் நெல் அளக்கையில் முதல் மரக்காலை ‘ஒன்று’ என்று சொல்லமாட்டார்கள், ‘லாபம்’ என்பார்கள், அதுதான் என்றாய். லாபம் என்றாலும் அது முதல் மரக்கால்தானே, அதைத் தனியாக ஏன் கூட்டினாய் என்று சண்டை போட்டேன்.

“கெடக்கட்டும்லே. லாபமா ஒன்னு கூட இருந்தா எவன் வந்து கேக்கப் போறான்?”

யாரும் கேட்கவில்லை. மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோன அன்றும் அந்த எண் ஒன்று கூடுதலாகவே ஓடியது. திருத்த ஒரு வரி போதும். அதைப் பலமுறை தட்டிவிட்டு, என்டர் அழுத்தாமல் அழித்திருக்கிறேன்.

ஆக, முகப்பு என்ன சொன்னாலும் உண்மையில் ஒன்று குறைகிறது. பத்து லட்சமாவது பதிவாக விழும் இந்த மடல்தான் அந்த ஒன்று. பூட்டியது இதற்காகத்தான்.

நண்பர்களே, திறந்துவிட்டேன். அவனோடு ஒரு பாட்டுக்காகவாவது மல்லுக்கட்டியவர்கள் கீழே ஒரு வரி எழுதுங்கள். எண்ணை நான் திருத்தப்போவதில்லை. முதலில் எழுதுகிறவர் மட்டும், ‘லாபம்’ என்று தொடங்குங்கள்.