சார்ஜ் ஃபுல் என்று சொன்னது

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று கேட்க எனக்கு முகமில்லை.

முதலாளி ஏரியில் சவாரிக்கு வைத்திருக்கும் குட்டி நீர்மூழ்கியை நீ வேலையிழந்த நாளிலிருந்து நான்தான் ஓட்டினேன். மூன்று வருடம் உன் சீட்டில் உட்கார்ந்தேன்.

அன்று பேட்டரி மீட்டர் பழுது. "சார்ஜ் ஃபுல்லாடி?" என்று கேட்டாய். "ஃபுல்" என்றேன். அதை நம்பித்தான் முதலாளியின் மகளை ஏற்றிக்கொண்டு ஏரிக்குள் இறங்கினாய். அடியில் பேட்டரி தீர்ந்துபோக, நீர்மூழ்கி மிதந்தெழ அதன் எடைகளைக் கழற்றிவிட்டு அவளைப் பத்திரமாக மேலே கொண்டுவந்தாய். கரையில் முதலாளி கத்தியதும் நான் முந்திக்கொண்டேன்.

"அக்காதான் சார் கன்னாபின்னான்னு ஓட்டிச் சார்ஜைத் தீர்த்துட்டா."

நீ என்னையே பார்த்தாய். பிறகு, "ஆமா சார், என் தப்புதான்" என்றாய்.

முந்தின நாள் நான் சார்ஜ் போடவே மறந்திருந்தேன். உனக்கு அது அப்போதே புரிந்துவிட்டது, இல்லையா?

இன்று முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார், உன்னைத் திரும்பக் கூப்பிடுவார் என்று நினைத்தேன். அவர் போனிலிருந்து தலைகூட நிமிரவில்லை.

"அது பழைய கதைம்மா. ஆமா, அப்ப வேலைய விட்டு நின்னது நீயா, உங்க அக்காவா?"

சாவியை அவர் மேஜைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன், அக்கா. உன்னிடம் வரத்தான் கால் எழவில்லை.

உன் தங்கை