கையால் போட்டது

சனிக்கிழமை காலை

என் மகளின் அப்பாவுக்கு,

வணக்கம். இங்கே நான், மகள், உங்கள் அம்மா மூவரும் நலம். உங்கள் நலத்தைக் கேட்டு எழுதுவதுதான் முறை. ஆனால் இதைப் படித்து முடிக்கும்போது நீங்கள் எப்படி இருப்பீர்கள் என்று எனக்கே தெரியும். ஆகையால் கேட்கவில்லை.

உறையில் தபால்தலை இல்லை, உங்கள் பட்டறை வாசல் காவலாளி கொண்டுவந்து கொடுத்தார், என் கையெழுத்து எப்படி இங்கே வந்தது என்று முழித்துக்கொண்டிருப்பீர்கள். எல்லாம் சொல்கிறேன். ஃபோர்மேன் முன்னால் நின்று படிக்காமல் எங்காவது ஓரமாக உட்கார்ந்துகொள்ளுங்கள்.

எம்பிராய்டரி வகுப்பில் சேர்ந்திருக்கிறேன் என்று போனில் சொன்னபோது சிரித்தீர்கள். “ஒரு பட்டன் தைக்கவே ரெண்டு நாள் ஆக்குவ, உனக்கு எதுக்கு இந்த வேலையெல்லாம்” என்றீர்கள். எதற்கு என்று கேளுங்கள்.

போன வருடம் லீவில் வந்தபோது உங்கள் வெள்ளைச் சட்டையைத் துவைக்க எடுத்தேன். அடிப்பக்கத்தில், பேண்டுக்குள் செருகினால் யார் கண்ணுக்கும் படாத இடத்தில், நகத்தளவுக்கு ஒரு நீலப் பறவை. இது என்ன என்று கேட்டேன். “மெஷின்ல போட்டது, வாங்கும்போதே இருந்துச்சு” என்றீர்கள். பதினாறு வருடமாகச் சலவைக் கடை கவுன்ட்டரில் நின்று ஊரார் சட்டையையெல்லாம் உதறிப் பார்த்தவள் நான். ஒளிந்திருக்கிற இடத்தில் எந்தக் கம்பெனிக்காரனும் படம் போட மாட்டான். ஆனால் தையலைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. தெரியாமல் வாயைத் திறந்தால் ‘சந்தேகப் பேய்’ என்று ஒரே வார்த்தையில் அடக்கிவிடுவீர்கள். அதனால் வாயை மூடிக்கொண்டு சட்டையை அழுக்குக் கூடையின் அடியில் ஒளித்து வைத்தேன். நீங்கள் அதை மறந்துவிட்டுப் போனதாக நினைத்துக்கொண்டீர்கள்.

வகுப்பு ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் மாடியில். ஆறு சனிக்கிழமை. நீளமான இரண்டு மேசை, ஜன்னல் வெளிச்சம், என்னோடு சேர்த்து எட்டுப் பெண்கள். சொல்லிக்கொடுக்கிற அம்மாள் ஒரு கண்ணாடியை மூக்கிலும் இன்னொன்றை நெற்றியிலும் மாட்டியிருப்பார். அவர் காதில் விழாமல் ‘நாலு கண்ணு’ என்போம். என் பக்கத்தில் பஸ் ஓட்டுகிற பெண் ஒருத்தி. ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப்போன கையால் ஊசியில் நூல் கோக்க அவள் பட்ட பாட்டைப் பார்த்துத்தான் எனக்கே தைரியம் வந்தது.

துணியை வளையத்தில் சுருக்கமில்லாமல் இறுக்குவதற்கே முதல் வாரம் போய்விட்டது. நூலில் ஆறு இழை இருக்கும். வேலைக்குத் தகுந்தபடி ஒன்றோ இரண்டோ பிரித்தெடுக்க வேண்டும், அவசரப்பட்டால் சிக்கிக்கொள்ளும். எனக்கு அது பிடித்துப்போனது. இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் என் பொறுமையை யாரும் மெச்சியதில்லை, நாலு கண்ணு மெச்சினார். விரலில் ஊசி ஏறியபோதெல்லாம் உங்களை நினைத்துக்கொண்டேன். வலி தெரியவில்லை.

இரண்டாவது வாரம் துணியைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படிக்கக் கற்றுக்கொடுத்தார். மெஷின் தையல் என்றால் பின்னால் வேறு நூல் ஒரே சீராக ஓடும். கைத்தையலில் முன்னால் என்ன நூலோ அதுவேதான் பின்னாலும். இங்கிருந்து அங்கே தாவியிருக்கும், முடித்த இடம் தெரியும். பையிலிருந்து உங்கள் சட்டையை எடுத்து நீட்டினேன். நாலு கண்ணு இரண்டு கண்ணாடியையும் ஒன்றாகப் போட்டுப் பார்த்தார். “கையால போட்டது. ஒத்தை இழையில போட்டிருக்காங்க. தையல் சாயற பக்கத்தைப் பாருங்க, இடது கைக்காரங்க. இத்துனூண்டு பறவைக்கு மூணு மணி நேரமாவது உக்காந்திருப்பாங்க. யாரு போட்டது?” என்றார்.

“வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சவங்க” என்றேன். பஸ்காரி என் காதோரம் வந்து, “அந்த ஆளை என் பஸ் முன்னாடி நிக்கச் சொல்லு, பிரேக்கை நான் பாத்துக்கறேன்” என்றாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தேன். அதற்குப் பிறகு அழவில்லை.

சட்டையின் ஓரத்தில், நீங்கள் வேலை பார்க்கிற ஊர்ச் சலவைக் கடையின் அடையாளத் துண்டு தைத்திருந்தது. கடையின் போன் எண்ணும் துணியின் எண்ணும் அழியாமல் இருந்தன. பறவையையே மறைக்கத் தெரியாத உங்களுக்கு இது எங்கே கண்ணில் படப்போகிறது? கூப்பிட்டேன். உங்கள் கடைத் துணி ஒன்று எங்கள் கவுன்ட்டருக்கு வந்திருக்கிறது, யாருடையது என்று கேட்டேன். ஒரே தொழில்காரர்களுக்குள் ஒளிவுமறைவு ஏது? மனிதர் நோட்டைப் புரட்டி, “மூணாவது மாடி நர்ஸம்மா வீடு. அவங்க வீட்டுக்காரர் சட்டை” என்று சொல்லி விலாசத்தையும் கொடுத்தார்.

அவங்க வீட்டுக்காரர். காதாரக் கேட்டேன்.

மீதி நாலு வாரமும் மற்றவர்கள் ரோஜாவும் கொடியும் போட்டார்கள். நான் அந்தப் பறவைக்குக் கீழே நம் வீட்டு போன் எண்ணைப் போட்டேன். அதே நீலம், சங்கிலித் தையல். எட்டை மட்டும் மூன்று தடவை பிரித்துப் போட்டேன். “பூப் போடச் சொன்னா நம்பர் போடறீங்களே” என்றார் நாலு கண்ணு. இந்தப் பூ வெகுதூரம் மணக்கும் என்றேன். துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்து, நர்ஸம்மா விலாசத்துக்குப் பார்சல் செய்தேன். உள்ளே ஒரு வரிக் கடிதம்கூட வைக்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் மத்தியானம் போன் அடித்தது. எடுத்ததுமே நர்ஸம்மா, “இந்த நம்பரைத் தைச்சது யாரு?” என்றாள்.

“அந்தச் சட்டைக்காரரோட மனைவி.”

“அவங்க செத்து அஞ்சு வருஷம் ஆச்சே” என்றாள்.

கட்டியவன் ஏமாற்றுவான், விட்டுவிட்டு ஓடுவான், ஊரில் நடக்காததா? கொன்றுவிடுவான் என்று நான் நினைக்கவில்லை. மஞ்சள் காமாலையாம். பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேனாம். அவள் சொல்லச் சொல்ல என் கையை நானே தடவிப் பார்த்துக்கொண்டேன். கல்யாணத்தைப் பதிவு செய்ய நீங்கள் கொடுத்த என் இறப்புச் சான்றிதழைப் படம் எடுத்து அனுப்பினாள். முத்திரையெல்லாம் பிரமாதம். தேதியில்தான் கோட்டை விட்டீர்கள். என் காரியத்துக்கு ஊருக்கு வந்ததாகக் காட்ட, லீவில் வந்திருந்த ஒரு நாளைப் போட்டிருக்கிறீர்கள். நான் செத்துப்போன அன்று காலையில் மகளுக்குப் பல்லில் கம்பி கட்டப் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? டாக்டர் நீட்டிய தாளில் அம்மா என்ற இடத்தில் நானும் அப்பா என்ற இடத்தில் நீங்களும் தேதியோடு கையெழுத்துப் போட்டோம். அந்தத் தாளைத் தேடி எடுத்துவிட்டேன். இப்போது வக்கீலிடம் இருக்கிறது.

அத்தையிடம் மறைக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து முழுதும் சொன்னேன். “என்னையும் கொன்னுட்டானா?” என்று கேட்டார். இல்லை, நீங்க உயிரோடதான் இருக்கீங்க, தாயில்லாப் பிள்ளையை நீங்கதான் வளக்கறீங்களாம் என்றேன். “அப்ப அந்தப் பிள்ளையை நானே பாத்துக்கறேன். இந்த வாசப்படியை அவன் மிதிக்க வேண்டாம்னு எழுது” என்றார். எழுதிவிட்டேன். மகளிடம் நீ ஏதாவது எழுதுகிறாயா என்று கேட்டேன். யாருக்கு என்று கேட்டாள்.

இதெல்லாம் தெரிந்து மூன்று வாரம் ஆகிறது. மூன்று வாரமும் நர்ஸம்மா சிரித்த முகமாக உங்களுக்குச் சோறு போட்டாள். நானும் ஞாயிறு தவறாமல் போனில் பேசினேன். இருமல் என்றீர்கள், வெந்நீர் குடிக்கச் சொன்னேன். எல்லாம் நாங்கள் இருவரும் பேசி வைத்துச் செய்தது. முதலில் அவளுக்கு மனசு வரவில்லை, அன்றைக்கே உங்களைத் துரத்துகிறேன் என்று குதித்தாள். ஆள் சுதாரித்தால் நழுவிவிடுவான், கொஞ்சம் பொறு என்று நான்தான் அடக்கினேன். அவள் மேல் ஆத்திரம் இல்லையா என்றால், இருந்தது. பறவையைப் பிடுங்கி எறியலாமா என்று கத்தரிக்கோலை எடுத்த நாளும் உண்டு. ஆனால் செத்தவள் புருஷனைத்தான் அவள் கட்டினாள். உயிரோடு இருப்பவள் புருஷனை இல்லை.

இந்தக் கடிதத்தை அவளுக்கு அனுப்புகிறேன். அது கிடைத்ததும் வருகிற திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அவள் அங்கேயும் நான் இங்கேயும் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கிறோம். உங்கள் பாஸ்போர்ட்டையும் அவள் சேர்த்துக் கொடுத்துவிடுவாள். அது முடிந்த பிறகே இதைப் பட்டறை வாசலில் கொடுப்பதாகப் பேச்சு. ஆகவே இது உங்கள் கையில் இருக்கிறது என்றால் எல்லாம் முடிந்தது. மூன்றாவது மாடியில் பூட்டு மாறியிருக்கும், இங்கேயும் மாற்றிவிட்டேன். உங்கள் துணிமணி இரண்டு பெட்டியில் அந்தச் சலவைக் கடையில் இருக்கும். துவைத்துத்தான் வைப்பாளாம். நானாக இருந்தால் அழுக்காகவே எறிந்திருப்பேன்.

இன்னும் ஒன்று மட்டும் இருக்கிறது. நான் செத்த கதையை அவளிடம் சொன்னபோது அழுதீர்களாம். என் மனைவி சிரித்தால் தெருமுனை வரை கேட்கும், அந்தச் சிரிப்பைக் கேட்டுத்தான் அவளைக் கட்டினேன், இனி எங்கே போய்க் கேட்பேன் என்று விம்மி விம்மி அழுதீர்களாம். அதைப் பார்த்துத்தான் அவளுக்கு உங்கள் மேல் இரக்கமே வந்ததாம். இருபத்திரண்டு வருடத்தில் என் சிரிப்பைப் பற்றி நீங்கள் என்னிடம் சொன்னது, “மெதுவா சிரி, நாலு பேர் பாக்கறாங்க” என்பது ஒன்றுதான்.

வக்கீல் கேட்பதற்கெல்லாம் வக்கீலுக்கே பதில் எழுதுங்கள். எனக்கு ஒரு வரி போதும். அந்த அழுகை நிஜமா, நடிப்பா? எந்தப் பதில் வந்தாலும் புகாரைத் திரும்ப வாங்க மாட்டேன், மன்னிக்கவும் மாட்டேன். ஆனாலும் எழுதுங்கள்.

ஆண்டவன் உங்களுக்கு நூறு வயதைக் கொடுக்கட்டும். கண் மங்கலாம், காது கேட்காமல் போகலாம். ஞாபகம் மட்டும் கடைசி வரை குறையாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
வழக்கு முடியும்வரை
உங்கள் மனைவி