பொம்மை மாதிரிப் பிள்ளை

செம்பூர்

மாதவின் அப்பாவுக்கு,

நாங்கள் இங்கே என் அம்மா வீட்டில் சௌக்கியம்.

மாட்டுங்கா டாக்டர் கேட்ட வார்த்தை இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. "எனி இன்ஆக்டிவிட்டி?" என்றார், அசையாமலே கிடக்கிறானா என்று. ஏழு மாதமாகியும் குப்புறக்கூட விழாத பிள்ளையை மடியில் வைத்திருந்த நான் வாயைத் திறக்குமுன் நீங்கள், "நோ நோ டாக்டர், ரொம்ப சமத்து" என்று முடித்துவிட்டீர்கள். உங்கள் பேங்கில் ஒரு கணக்கு அசையாமல் கிடந்தால் மட்டும் இதே வார்த்தையைச் சொல்லி ஆளைத் தேடிப் பிடிப்பீர்கள்.

கொலுவுக்கு வந்த பத்மஜா மாமி, "அழவே மாட்டேங்கறானேடி! படியில பொம்மையோட பொம்மையா வச்சுடலாம் போலருக்கு" என்றாள். உங்கள் அம்மா பூரித்துப்போய்த் திருஷ்டி கழித்தார். நீங்கள் அவனைப் படியோரம் கிடத்தி போட்டோ எடுத்தீர்கள்.

இங்கே வேறொரு டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். தைராய்டு குறைவாம்; அதனால்தான் அழாமல் அசையாமல் கிடந்தானாம். தினமும் மாத்திரை கொடுக்கிறேன். "முன்னாடியே வந்திருக்கணும்மா. எவ்வளவு தேறுவான்னு போகப் போகத்தான் தெரியும்" என்றார் டாக்டர். உங்களிடம் போனில் இதைச் சொன்னால் கத்திவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன்.

இன்று காலை மாதவ் கால்களை உதைத்துக்கொண்டு வீறிட்டு அழுதான். எதிர் வீட்டு மராத்திக்காரம்மா, "காய் ஜாலா?" என்ன ஆச்சு என்று பதறி ஓடிவந்தாள். நான் அவனைச் சமாதானப்படுத்தவேயில்லை. கேட்டுக்கொண்டே நின்றேன்.

வருவதானால் வாருங்கள். அவனைச் சமத்து என்று மட்டும் சொல்லாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளையின் அம்மா