அரை மயிரிழை இடம்

இன்று காலை, பக்கத்து ஊரான சாஆவிலிருந்து வந்திருக்கும் புது லேத்துக்காரர், அச்சின் கனம் பார்க்க நான் வெட்டிய கேஜை என் மேசைமேல் போட்டு, "ரொம்ப இறுக்கம்ணே, வரைபடத்துல இப்படி இல்லையே" என்று முகத்தைத் தூக்கினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, மச்சான். இதையேதானே உன்னிடம் நானும் கத்தினேன். கிரீஸ் வாடையோடு கிடந்த அந்த இரும்பைப் பார்த்ததும் நீயே எதிரே நிற்பது போலிருந்தது.

ரப்பர் விலை விழுந்திருந்த நேரம் அது. லாபிஸ் பட்டறையில் தோட்டத்துத் தள்ளுவண்டிகளுக்கு நாற்பது அச்சு கடையும் வேலை எனக்கு. அவற்றைச் சோதிக்கும் கேஜ் செய்வது உனக்கு. அதன் வாய்க்குள் நுழையாத அச்சு தள்ளுபடி. சிங்கப்பூர்ப் பரிசோதகர் ஒன்றைத் திருப்பினாலும் கடைந்தவனை ஊருக்குக் கப்பலேற்றிவிடுவதாகத் துரை சொல்லியிருந்தார். என் மனைவிக்கு அப்போது ஏழு மாதம். நீயோ கேஜின் வாயை வரைபட அளவைவிட அரை மயிரிழை குறுக்கி வெட்டியிருந்தாய். ஒன்பது அச்சு நுழையவில்லை.

"வேணும்னே பண்றியா?" என்றேன்.

"வாய் தேய்ஞ்சு அகலும்பா. இன்னைக்கே சரியா வெட்டினா, நாளைக்குத் தப்பு அச்செல்லாம் உள்ள போயிடும்" என்றாய், நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

மறுபடி கடையப் பொழுதில்லை. பரிசோதகர் மத்தியான ரயிலில் வருகிறார். நீ தேத்தண்ணி குடிக்கப் போனபோது சாணைக்கல்லை எடுத்து உன் கேஜின் வாயைத் தேய்த்துவிட்டேன். ஒன்பதும் நுழைந்தன.

பரிசோதகர் தன் சொந்தக் கேஜோடு வந்தார். அது வரைபட அளவுக்கு அப்படியே வெட்டியது. நான் எவ்வளவு தேய்த்தேன் என்று எனக்கே தெரியாது. அவர் ஒவ்வொன்றாக நுழைக்க, நான் எண்ணிக்கொண்டே நின்றேன். நாற்பதும் தேறின.

அவர் போனபிறகு நீ உன் கேஜை வெளிச்சத்தில் பிடித்து, கல் கீறிய தடத்தைப் பார்த்தாய்.

"தேய்மானத்துக்குத்தான் இடம் விட்டேன். உன் கோவத்துக்கும் அதுல கொஞ்சம் சேத்து வெச்சேன்."

செவிட்டில் அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்தக் கேஜைக் குப்பையில் போட்டுவிட்டு வேறொன்று வெட்ட உட்கார்ந்தாய். துரையிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

என் மகன் இந்த மண்ணிலேயே பிறந்தான். நீ கண்ணை மூடி மூன்று மாதமாகிறது; கேஜ் வெட்டும் உன் வேலை இப்போது எனக்கு. நான் வெட்டும் எந்தக் கேஜிலும் அந்த அரை மயிரிழை இருக்கிறது.

புதியவர் முணுமுணுத்துக்கொண்டே கேஜை எடுத்துப் போனார். நான் தேத்தண்ணி குடிக்கக் கிளம்பினேன். சாணைக்கல் மேசைமேல்தான் இருந்தது. அதை எடுத்து ஒளிக்கவில்லை.