இமைக்காத கண்

செவ்வாய், ஆடி 14. திண்டிவனம்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்க்கும் முன் நான் சோதித்தபோது, கன்னியம்மாவின் வலது கண் இன்று இமைக்கவில்லை. பஞ்சுத் திரியால் கருவிழியைத் தொட்டேன். யாராக இருந்தாலும் துள்ளிவிடுவார்கள். அவர் என்னையே பார்த்துச் சிரித்தார். கருவிழி கஞ்சி போல வெளுத்து, நடுவில் கரைந்திருந்தது.

"வலியே இல்ல பாப்பா. ஒரு சொட்டு வுட்டா போதும், கம்முனு கெடக்குது."

சுருக்குப்பையிலிருந்து குப்பியை எடுத்துக் காட்டினார். திறந்த தேதி என் கையெழுத்தில் இருந்தது. சோதனைக்கு முன் கண்ணை மரத்துப்போக வைக்கும் சொட்டு மருந்து அது. கால் மணி நேரம்தான் தாங்கும். தினமும் விட்டால் கருவிழியையே தின்றுவிடும். கண்புரை அறுவைக்குப் பிறகு வலிக்கிறது என்று போன மாதம் அவர் வந்த அன்றே, என் மேஜையில் ஒரு குப்பி காணாமல் போயிருந்தது. யாரிடமும் கேட்கக் கூச்சப்பட்டு இருந்துவிட்டேன்.

குப்பியை வாங்கி என் பையில் போட்டுக்கொண்டேன். டாக்டர் கிருமித் தொற்று என்று நினைத்து அவரை வார்டில் சேர்த்தார். நான் வாய் திறக்கவில்லை.

மருந்து இல்லாமல் இரவெல்லாம் துடிப்பாரே என்று இப்போது வார்டு நர்ஸ் செல்வி அக்காவுக்குப் போன் செய்தேன்.

"ஏன்டி பேஜாரு பண்ற? அது ஜாலியா கதை பேசிக்கினு இருக்குது. வலியே இல்லியாம்."

அந்தக் குப்பி என் பையில்தான் இருக்கிறது. ஆனால் காலையில் புதிதாகத் திறந்த குப்பி, சாயங்காலம் மேஜையில் இல்லை. யாரோ எடுத்திருப்பார்கள் என்று விட்டுவிட்டேன்.

விளக்கை அணைத்தால் அந்தக் கண் பார்க்கிறது.

டாக்டருக்குப் போன் செய்யப் போகிறேன். முதலில் குப்பியில் இருக்கும் என் கையெழுத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.